சோப்பு போட்டுக் கழுவிய தொட்டி

ஜூன் 3, திங்கள்

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெர்சிஸ் என்ற பெண் எழுதச் சொன்னாள். அவர் என்ன சாப்பிட்டார், கையைக் காலை எவ்வளவு அசைத்தார், வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று தினமும் குறித்து வைக்க வேண்டுமாம். திங்களும் வியாழனும் வரும்போது வாங்கிப் படிப்பாளாம். மருந்துக் கடையில் சும்மா கொடுத்த டைரி ஒன்று கிடந்தது, அதில் எழுதுகிறேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன் படிக்கட்டில் நின்று கத்தினால் பின் படிக்கட்டில் தொங்குகிறவன் உள்ளே ஏறிக்கொள்வான், அப்படி ஒரு குரல். அயனாவரத்தில் இந்த மாடி வீட்டில் அந்தக் குரலோடு குடித்தனம் செய்து என் காது பாதி மந்தமாகிவிட்டது. மார்ச் மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் தேறிவிட்டது, எதையாவது பிடித்துக்கொண்டால் நிற்கிறார். கை மடியில் கிடக்கிறது. பேச்சு வரவே இல்லை.

பெர்சிஸ் இன்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். "சார், இது என்ன சொல்லுங்க. மா... மா..." என்றாள். அவர் மாட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சென்னையில் பாதிப் பேரை ஏற்றி இறக்கிய மனுஷனிடம் மாட்டைக் காட்டினால் வேறு என்ன செய்வார்?

சாப்பாடு: ரசம் சாதம் கொஞ்சம். சத்தம்: இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

இட்லி. சத்தம் இல்லை. விரலுக்குப் பயிற்சி என்று பாசிப்பயறைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். கூடம் முழுக்கப் பயறு. பொறுக்கினேன்.

ஜூன் 6, வியாழன்

பெர்சிஸ் போகும்போது வாசலில் நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, அவரால முடியாதுன்னு நான் நினைக்கல. முயற்சியே பண்ண மாட்டேங்கறாரு. முதல் ஆறு மாசம்தான் ரொம்ப முக்கியம். அதுல பாதி போயிடுச்சு. இப்படியே வாயைத் திறக்காம இருந்துட்டாருன்னா, அப்புறம் நான் வந்து உக்காந்துட்டுப் போறதுல ஒண்ணும் இல்ல."

 அப்படியே ஊமையாகவே இருந்துவிடுவாரா என்று கேட்டேன். அவள், "அவருக்கு ரொம்பப் பிடிச்சது எதாவது இருக்கா?" என்றாள்.

"பஸ்ஸு. அப்புறம் மீனு."

"சமைக்கிற மீனா?"

"இல்லம்மா, வளர்க்கிற மீனு."

டிப்போவில் டைம் கீப்பர் அறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதை இவர்தான் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வீட்டுக்கென்று இரண்டரை அடித் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதைப் பரணில் ஏற்றிவிட்டேன். தரையில் தண்ணீர் சொட்டும், பாசி நாறும், இதெல்லாம் என் வீட்டில் நடக்காது என்று சொன்னேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். என் வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம்.

ஆனாலும் நாளைக்கு அதை இறக்கச் சொல்லப் போகிறேன்.

ஜூன் 7, வெள்ளி

கீழ் வீட்டு ரஷீது தொட்டியை இறக்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, தொட்டி கூடத்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் பார்த்தார். பிறகு பழையபடி சுவர்.

ஜூன் 8, சனி

தொட்டியில் ஒரு விரற்கடை தூசி. குளியலறையில் வைத்து, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, கண்ணாடியே இல்லை என்கிற மாதிரி பளபளவென்று ஆக்கினேன். ஃபில்டரையும் அப்படியே. கட்டிலில் இருந்தபடி அவர் "ம்... ம்ம்..." என்று முனகிக்கொண்டே இருந்தார். மூத்திரச் சட்டியைக் கொண்டுபோனேன், தள்ளிவிட்டார். தண்ணீர் கொண்டுபோனேன், தள்ளிவிட்டார். டிவியைப் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டார். என்னதான் வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

கட்டிலுக்கு எதிரே இரும்பு ஸ்டாண்டில் தொட்டியை வைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பியாயிற்று.

ஜூன் 9, ஞாயிறு

கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனேன். தெரு முழுக்கப் பிளாஸ்டிக் பைகளில் மீன். கன்னியப்பன் என்று ஒரு கடைக்காரர், "தொட்டி ஓடிட்டு இருக்குதாம்மா? எத்தினி நாளாச்சு?" என்றார். தண்ணீர் ஊற்றி ஒரு நாள்தான் ஆகிறது என்று சொன்னால் மீன் கொடுக்க மாட்டார் போலிருந்தது. ரொம்ப நாளாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன். கப்பி, மோலி, ஏஞ்சல், தங்க மீன் என்று கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததை எல்லாம் கலந்து வாங்கினேன்.

பையை அறுத்துத் தொட்டியில் கொட்டினேன். என்ன அழகு என்று அவரைத் திருப்பிக் காட்டினேன். அவர் முகம் கோணிக்கொண்டு போனது. மூக்கு விடைத்தது. நான் ஆனந்தம் என்று நினைத்தேன்.

சாயந்தரத்துக்குள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. நான் தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். மீனுக்காக அழுதேனா, வேறு எதற்காகவா என்று கேட்டால் தெரியாது.

அப்போதுதான் கட்டிலின் கம்பியில் டங் டங்கென்று சத்தம். இடது கையால் அடிக்கிறார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, "சோ... சோ..." என்றார். பிறகு, "சோப்பு" என்றார்.

மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நேற்று முனகியதும் இதைச் சொல்லத்தான்.

ஜூன் 10, திங்கள்

காபி வேண்டுமா என்றால் சோப்பு. வலிக்கிறதா என்றால் சோப்பு. சொல்லிவிட்டு, இது இல்லையே என்று அவரே தலையில் அடித்துக்கொள்கிறார். நானோ பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பெர்சிஸுக்குக் காய்ச்சலாம், வியாழன்தான் வருவாளாம்.

ஜூன் 13, வியாழன்

பெர்சிஸ் டைரியைப் படித்துவிட்டுத் துள்ளினாள். யோசித்துச் சொல்கிற பேச்சுக்கு ஒரு வழி, கோபத்திலும் பதற்றத்திலும் தானாக வருகிற பேச்சுக்கு வேறு வழி என்று விளக்கினாள். பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் வசவு மட்டும் தெளிவாக வருமாம். அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மற்றதையும் இழுத்துவிடலாமாம்.

"அப்போ அவருக்குக் கோவம் வந்தா நல்லதா?" என்றேன்.

"நல்லதுதான். அதுக்காக நாம வேணும்னே கோவப்படுத்தக் கூடாது ஆன்ட்டி. பாவம்."

"சேச்சே" என்றேன்.

இந்த டைரியை அவள் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதற்கு மேல் இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 15, சனி

தொட்டியைக் கல்லுப்புப் போட்டுக் கழுவி, வெறும் தண்ணீரில் பலமுறை அலசி, மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினேன். மணலை அலசிப் பரப்பினேன். குடத்துத் தண்ணீரை மணலின் தலையில் அப்படியே கவிழ்த்தேன். மணல் கிளம்பித் தொட்டி காவிரிப் புதுவெள்ளம் மாதிரி ஆனது.

"ஏய்" என்றார்.

நல்ல சத்தமாகவே வந்தது. எனக்குக் காது கேட்கவில்லை. இரண்டாவது குடத்தைத் தூக்கினேன்.

"ஏய். த... தட்... தட்டு."

தட்டா, எதற்குத் தட்டு என்றேன். இடது கையை விரித்து, அதன்மேல் தண்ணீர் விழுந்து நாலாபக்கமும் வழிகிற மாதிரி காட்டினார். மணல்மேல் தட்டை வைத்து அதன்மேல் ஊற்ற வேண்டுமாம். டிப்போவில் அப்படித்தான் ஊற்றுவாராம், அதுவும் கையாலேயே சொன்னார். அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மீனைப் பற்றிப் படித்தவளா?

சத்தம்: ஏய் (பலமுறை), தட்டு (நான்கைந்து முறை, கடைசியில் மிகத் தெளிவாக).

ஜூன் 19, புதன்

தொட்டியில் மீன் இல்லாமல் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் வழுவழுப்பு. ஃபில்டர் பஞ்சு பழுப்பாகிவிட்டது. பார்க்கப் பார்க்க என் கை அரிக்கிறது. ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனால் "இரு" என்கிறார். காலையில் இரு, மத்தியானம் இரு, சாயந்தரமும் இரு. நல்ல வார்த்தை கற்றுக்கொண்டார்.

ஜூன் 23, ஞாயிறு

கன்னியப்பனிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அந்த வழுவழுப்பிலும் அழுக்கிலும்தான் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற கண்ணுக்குத் தெரியாத கிருமி வாழ்கிறது, அது இல்லாவிட்டால் மீன் தன் மூத்திரத்திலேயே செத்துப் போகும் என்றார். நல்ல கிருமியாம். முதலில் கப்பி மட்டும் கொஞ்சம் விட்டுப் பாருங்கள் என்று கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பையின் முடிச்சை அவிழ்த்து, "இப்போ கொட்டிடப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டப் போனேன்.

"ஏய் இரு. பை... பை மெ... மெதக்கட்டும்."

இரண்டு வார்த்தை சேர்ந்து வந்திருக்கிறது. பையை மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு திறந்துவிட்டோம். கப்பிகள் வாலை விசிறிக்கொண்டு சுற்றின. அவர் சுவர்ப் பக்கம் இன்று திரும்பவே இல்லை.

ஜூன் 28, வெள்ளி

இதைச் சத்தியமாகத் தெரியாமல்தான் செய்தேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை. வீடு முழுக்கக் கழுவிவிட்டேன், நிலைப்படிக்கு மஞ்சள் பூசினேன், விளக்கைத் துலக்கினேன். எல்லாம் மின்னுகிறது, இது மட்டும் பாசியும் பழுப்புமாக நடுக்கூடத்தில். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கிருமி கிருமி என்று அந்த ஆள் சொன்னதெல்லாம் வெள்ளிக்கிழமைக்குமா? ஃபில்டர் பஞ்சைச் சலவைத் தூளில் ஊறவைத்துப் பிழிந்தேன். சோப்பு கூடாது என்பதால் ஒரு வாசனைகூட மிச்சமில்லாமல் அலசினேன். தண்ணீர் மொத்தத்தையும் மாற்றி, குழாயில் பிடித்த புதுத் தண்ணீரைத் தட்டை வைத்துத்தான் ஊற்றினேன். பிறகு சமையலறையில் படுத்துக் கண்ணயர்ந்தேன்.

"குஞ்சரி."

கனவு என்று நினைத்தேன். என் பெயர் தேவகுஞ்சரி. இந்த உலகத்தில் என்னைக் குஞ்சரி என்று கூப்பிடுகிறவர் ஒருத்தர்தான்.

"குஞ்சரி!"

ஓடினேன். அவர் கட்டிலில் இல்லை. தொட்டி ஸ்டாண்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கால் வெடவெடவென்று ஆடுகிறது. தண்ணீர் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது. கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தன.

"பாதி... தண்ணி... எடு. ட்ரம்... ட்ரம்மு தண்ணி... ஊத்து. சீக்கிரம்."

ட்ரம்மில் நேற்றே பிடித்து வைத்து, குளோரின் வாடை போன தண்ணீர் இருந்தது. நான் மொண்டு கொட்ட, அவர் "மெதுவா" என்க, மொண்டு கொட்ட, "தட்டு" என்க, தரை முழுக்கத் தண்ணீர். வாழ்க்கையில் முதல்முறையாக அது எனக்குக் கண்ணில் படவில்லை. இரண்டு கப்பி போய்விட்டன, மற்றதெல்லாம் பிழைத்தன.

அவரைக் கட்டிலில் உட்காரவைத்தபோதுதான் உறைத்தது. கட்டிலிலிருந்து தொட்டி வரைக்கும் அவர் தானாகவே நடந்து வந்திருக்கிறார். என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அவர் என் தலையில் இடது கையால் குட்டினார். "பஞ்சு... தொவைக்காதே" என்றார்.

ஜூலை 4, வியாழன்

பெர்சிஸ் மாட்டு அட்டையை மூட்டைகட்டிவிட்டாள். மீன் படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பெயர் சொன்னால் அந்த மீனை ஆன்ட்டி வாங்கி வருவார்கள், சொல்லாவிட்டால் கிடையாது. கறுப்பு மோலி, சிவப்புப் பிளாட்டி, மஞ்சள் கௌராமி, அடியில் மண்ணைக் கிளறுகிற மீசை மீன். அத்தனையும் சொன்னார். பிளாட்டிக்கு மட்டும் நாக்கு புரளாமல் நெற்றி வியர்த்தது. அவளும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் "பிளாட்டி" என்று அவர் முழுசாகச் சொன்னபோது அவள் எழுந்து நின்று கைதட்டினாள். அவர் பெருமையாக என்னைப் பார்த்தார், சம்பளக் கவரைக் கொண்டுவந்து கொடுக்கும்போது பார்க்கிற பார்வை.

போகும்போது டைரியைப் புரட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, நீங்க நிறையத் தப்புப் பண்றீங்களே" என்றாள்.

"வயசாயிடுச்சும்மா" என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

அவர் சொன்ன மீன்களை எல்லாம் வாங்கினேன். கூடவே மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் நான்கு. அழகாக இருந்தது, அவ்வளவுதான். எதற்கும் இருக்கட்டும் என்று ஊறுகாய் பாட்டில் ஒன்றில் தண்ணீர் தயாராக வைத்துவிட்டுத்தான் கடைக்குப் புறப்பட்டேன்.

பார்ப் பையைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, "இது நாலும் புதுசு, வுட்டுடட்டுமா?" என்றேன்.

"வோணாம்."

"ஏன்? பாக்க லட்சணமா இருக்குது."

"கடிக்கும். கப்பி வால... வால கடிச்சிரும். நாலும் ரௌடி. எறக்கி வுடு."

குடித்துவிட்டு வம்பு செய்கிறவனை வண்டியிலிருந்து இறக்குகிற அதே தோரணை. ரௌடிகள் நான்கையும் ஊறுகாய் பாட்டிலில் இறக்கிவிட்டேன், நாளைக்கே கன்னியப்பனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

தீனி போடுகிற வேலை என்னுடையது. உள்ளங்கை நிறையக் கொட்டி எடுத்தேன். பட்டினியா போடுவது, பிள்ளைகள் நன்றாகத் தின்னட்டும் என்றேன். அவர் டப்பாவைப் பிடுங்க வந்தார். இடது பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன், அந்தக் கை வர இடமில்லை. வலது கை மடியிலிருந்து எழுந்து வந்தது. நடுங்கிக்கொண்டே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, டப்பாவுக்குள் நுழைந்து, ஒரு சிட்டிகை எடுத்தது. பாதி வழியில் சிந்தியது. மீதி தண்ணீரில் விழுந்தது.

"இவ்ளோதான்" என்றார். "இவ்ளோதான் துன்னும்."

பாசிப்பயறு செய்யாததை மீன் தீனி செய்துவிட்டது. இனி இரண்டு வேளையும் அவரே போடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

செங்கேணி வந்தார். டிப்போவில் அவரோடு கூட வேலை பார்த்தவர். நல்ல மனுஷர்தான், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னிடமே பேசினார். "ஐயோ, எப்படியாப்பட்ட குரலு. எறும்பு ஊர்ற சத்தம்கூட இல்லாமப் போச்சே. பாவம், கொடுப்பினை அவ்ளோதான்." இவர் வாயைத் திறந்தார். "செ... செ..." என்று தொடங்கினார். பெயர் வரவில்லை. செங்கேணி பொறுக்கவில்லை, "வோணாம்பா, சிரமப்படாத, சிரமப்படாத" என்று தோளைத் தட்டினார்.

இவர் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பெர்சிஸ் வந்து எவ்வளவோ பேசிப் பார்த்தாள். மீன் அட்டையையும் பார்க்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

சத்தம் இல்லை. தீனி நான் போட்டேன்.

ஜூலை 18, வியாழன்

சத்தம் இல்லை. பெர்சிஸ் முகமே சரியில்லை. "இந்த மாதிரி விழுந்தா எழுப்பறது கஷ்டம் ஆன்ட்டி" என்றாள். செங்கேணியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அனுதாபம் சொல்ல வந்தவர் சொல்லாமலே போயிருக்கலாம். இத்தனை பாடுபட்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்தோம், வந்து ஒரே தட்டில் தட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

கொளத்தூருக்குப் போனேன். ஒரே ஒரு மீன் வாங்கினேன். கறுப்பில் செந்தணல் சிதறியது போல உடம்பு, பெரிய வாய். குட்டிதான், என் உள்ளங்கையில் பாதி.

கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு, நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "இது பேரு ஆஸ்கராம். இத்த வுட்டா தொட்டிக்கே தனிக் களை வந்துடுமாம். வுட்டுடப் போறேன்."

முதுகு அசையவில்லை.

"மூடியைத் தொறந்துட்டேன்" என்றேன்.

முதுகு அசைந்தது. தலை திரும்பியது. பையைப் பார்த்தார். கண் அகலமானது. நான் பையின் ரப்பர் பேண்டைக் கழற்ற ஆரம்பித்தேன். அது இறுகியிருந்தது, வெகு நேரம் பிடித்தது. அதற்குள் அவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்து, ஃப்ரிட்ஜைப் பிடித்து, வந்துகொண்டே இருந்தார். நான் ரப்பர் பேண்டோடு போராடிக்கொண்டே இருந்தேன். வந்து சேர்ந்தார். இரண்டு கையாலும் பையைப் பிடுங்கினார். இரண்டு கையாலும்.

"அறிவு கீதா உனக்கு? இன்னா மீனுன்னு தெரியுமா இது? வளந்துச்சுன்னா உள்ள இருக்கற அத்தினியும் முழுங்கிட்டு ஏப்பம் வுடும். கப்பிய முழுங்கும், மோலிய முழுங்கும், எல்லாத்தையும் முழுங்கும். யாரு குடுத்தான் இத்த? கூப்புடு அவன. எறக்கு மொதல்ல."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே ரஷீது டிவியை நிறுத்திவிட்டு, "அக்கா, அண்ணன் குரலா அது?" என்று படிக்கட்டில் ஓடிவந்தார். தலையை ஆட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன்.

"சிரிக்கறா பாரு" என்றார் அவர் ரஷீதிடம்.

ஜூலை 22, திங்கள்

பெர்சிஸுக்கு அவரே நடந்ததைச் சொன்னார். தட்டித் தடுமாறி, சில இடத்தில் வார்த்தை கிடைக்காமல் கையை ஆட்டி, மீண்டும் பிடித்து, ஆஸ்கர் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். பெர்சிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஊறுகாய் பாட்டிலில் இருந்த ஆஸ்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ஜூலை 28, ஞாயிறு

செங்கேணிக்கு அவரே போன் போட்டார். "செங்கேணி" என்றார் முதல் வார்த்தையே. அந்தப் பக்கம் பேச்சு மூச்சு இல்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று அவர் கொளத்தூருக்கு வந்தார். ஆட்டோ சொல்கிறேன் என்றேன், பஸ்தான் என்றார். கண்டக்டர் சின்னப் பையன். ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கிற இலவசப் பாஸ் இவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் ரூபாயை நீட்டி, "ஒரு கொளத்தூரு" என்றார். டிக்கெட்டை வாங்கி, என்னவோ பத்திரம் மாதிரி மடித்து வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி.

தொட்டியில் இன்னும் ஒரு ஜோடிக்கு இடம் இருக்கிறது என்று முத்து நிற கௌராமி பார்த்தார். கடைக்காரரிடம் விலை பேசினார், பாதியாக இறக்கினார். கன்னியப்பன் அசந்துபோய், "சார் தொழிலு தெரிஞ்சவரு" என்றார்.

"இந்தாப்பா" என்றார் அவர், "எங்க வூட்டம்மா தனியா வந்தா எதுவும் குடுக்காத. ஒண்ணும் தெரியாது அதுக்கு. எத்தோட எத்த சேக்கக் கூடாதோ அத்தையே வாங்கினு வருது."

கன்னியப்பன் சிரித்துவிட்டார். "அம்மாவுக்கா தெரியாது? வந்து நின்னு, எது எத்தோட சேராது, எது எத்த கடிக்கும்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கினு, அதுல எது ரொம்ப மோசமோ அத்தக் குடுன்னு வாங்கிட்டுப் போவாங்க. மறுநாளே திருப்பிக் குடுத்துடுவாங்க. எதுக்கும்மான்னா சொல்ல மாட்டாங்க."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அங்கே மாட்டியிருந்த பிளாஸ்டிக் செடியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பவும் பேச்சு நின்றுவிட்டதோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

வீட்டுக்கு வந்தோம். கௌராமிப் பையை மிதக்கவிட்டோம், திறந்துவிட்டோம். கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக எல்லாம் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றி வந்தன. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நான் தீனி டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் நிறையக் கொட்டினேன். பழக்கதோஷம்.

"குஞ்சரி."

"இன்னாங்க?"

"டப்பாவ வை. எனக்குத்தான் பேச்சு வந்துடுச்சே. இனிமே மீனுங்களப் படுத்தாத."

"நான் இன்னா படுத்தினேன்? மீனப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"மீனப் பத்தி ஒண்ணும் தெரியாது உனக்கு" என்றார், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "என்னப் பத்தி தெரியும்."

கையில் இருந்ததைத் திரும்பவும் டப்பாவில் கொட்டி, மூடி, அவர் வலது கையில் கொடுத்தேன்.